மூன்று நாக்குப் பட்டை

கேடயம் தலைகீழாக வந்தது.

மதில்மேல் நின்றிருந்த எர்சந்தாவின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். மஞ்சள் நிலத்தில் மூன்று கறுப்புக் காகங்கள், மூன்றுக்கும் கால் மேலே, தலை கீழே. அதைத் தூக்கிப் பிடித்தவன் முன்னால் வந்தான். அவனுக்குப் பின்னால் நாற்பது குதிரைகள், நடுவில் ஒரு மாட்டு வண்டி. வண்டியில் உப்புப் போட்ட பசுத்தோலால் சுற்றி நீளமாக ஏதோ கிடத்தியிருந்தார்கள். ஆடி வெயிலில் அந்த வண்டியின் வாடை ஆளுக்கு முன்னால் மேடேறி வந்தது.

தலைகீழ்க் கேடயத்துக்கு அந்தப் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். அதற்கு உரியவன் செத்துப் போனான். எர்சந்தாவின் புருஷன் தியெரி, மொந்தெரைக் கோட்டையின் பிரபு, பெந்தகோஸ்தே திருநாள் முடிந்த கையோடு போருக்குப் போனவன். போனவன் இப்படி வந்திருக்கிறான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. அந்தப் பயம் தியெரியைப் பற்றியது கூட இல்லை. கொத்தளத்து அறையில் ஊசி நூலோடு உட்கார்ந்திருந்த பத்து வயது மகள் பெத்ரோனியைப் பற்றியது.

அந்த நாட்டு வழக்கத்தை வகுத்தவர்கள் எல்லாம் ஆம்பிளைகள். கோட்டையையும் பெண்டாட்டியையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள் போலிருக்கிறது. புருஷன் உயிரோடு இருக்கிறவரை அவன் பெயரால் பெண்டாட்டி கோட்டையை ஆளலாம். சாவி அவள் இடுப்பில், காவல்காரர்கள் அவள் சொல்லில். அவன் ஆண்பிள்ளை இல்லாமல் செத்தால், சாவி மேலே உள்ள பெரிய பிரபுவுக்கு. சாவியோடு மகளும் அவருக்கு. பன்னிரண்டு வயதில் யாருக்குக் கட்டி வைப்பது என்பது அவர் இஷ்டம். அதுவரை அவர் வீட்டில்தான் அவள் வளர வேண்டும்.

மேலே உள்ள பெரிய பிரபு ஒதோன். நாற்பது குதிரைகளுக்கு முன்னால், சிவப்பு அங்கியில், துக்க முகத்தோடு வந்துகொண்டிருந்தவர் அவர்தான். பக்கத்தில் அவர் மகன் ரவூல். முப்பத்து நான்கு வயது. முதல் பெண்டாட்டி மாடிப்படியில் விழுந்து செத்தாள், இரண்டாமவள் கிணற்றில் விழுந்து செத்தாள். இரண்டு தடவையும் கேட்டவர்களிடம் அவன் சொன்னது ஒரே பதில்: "கால் தவறிடுச்சு." மூன்றாவதாக யார் கால் தவறப் போகிறது என்று அந்த வட்டாரத்துத் தாய்மார்கள் எல்லாரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எர்சந்தா!" ஒதோன் அகழிக்கு அந்தப் பக்கம் குதிரையை நிறுத்திக் கூப்பிட்டார். "கதவைத் திறம்மா. உன் வீட்டுக்காரனைக் கொண்டு வந்திருக்கேன். என் கையாலயே கொண்டு வந்திருக்கேன்."

எர்சந்தாவின் பக்கத்தில் நின்ற கோபேர் தொப்பியைக் கழற்றினான். கோட்டைக் காவலுக்குத் தலைவன் அவன், அறுபது வயதுக்காரன். அவன் கழற்றியதைப் பார்த்து மதில் நெடுக நின்ற பதினேழு பேரும் ஒவ்வொருவராக இரும்புத் தொப்பியைக் கழற்றினார்கள். பாலத்தை இறக்கும் சக்கரத்தின் பக்கம் ஒருவன் தானாகவே நகர்ந்தான்.

"நில்லு," என்றாள் எர்சந்தா.

"அம்மா," என்றான் கோபேர், மெதுவாக. "பிரபு போயிட்டார்னா சாவி அவருக்குத்தாம்மா. நான் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். உங்களுக்கே தெரியும்."

தெரியும். கோபேரின் சத்தியத்தைப் பற்றி அந்த நாட்டில் தெரியாதவர்களே கிடையாது. கோயிலுக்குக் கூரை போட்டு முடிக்கிறவரை ஒயின் தொடுவதில்லை என்று காய்ச்சலில் கிடந்தபோது ஒரு நாள் நேர்ந்துகொண்டான். கூரை வேலை இழுத்துக்கொண்டே போனது. ஒன்பது வருடமாகக் கோபேர் தண்ணீர் குடிக்கிறான். காய்ச்சலில் சொன்னதுதானே என்று சாமியாரே பாவசங்கீர்த்தனத்தில் தள்ளுபடி செய்யப் பார்த்தார். "வாய் என்னோடதுதானே சாமி," என்று எழுந்து வந்துவிட்டான். வெளியே நின்ற ஒதோனைவிட, பக்கத்தில் நின்ற இந்த நேர்மையான கிழவன்தான் எர்சந்தாவுக்கு அப்போது பெரிய பயமாக இருந்தான்.

அவள் மறுபடி கேடயத்தைப் பார்த்தாள். தலைகீழாக இருந்ததால் காகங்களுக்குக் கீழே தெரிந்தது அந்தப் பட்டை. சிவப்பாகக் குறுக்கே ஓடும் பட்டை, அதிலிருந்து மூன்று நாக்குகள் தொங்கும். அப்பா உயிரோடு இருக்கும் மூத்த மகன் தன் கேடயத்தில் அந்தப் பட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டும். அப்பா போன பிறகு அழித்துவிட வேண்டும். அதன் பிறகு காகங்கள் மட்டும். இது அந்த நாட்டில் ஆடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். தியெரியின் அப்பா போன கார்த்திகை மாதம் செத்துப் போனார். தவக்காலத்தில் சாயக்காரன் வந்து பத்து நாள் தின்று, கொடியில் அழித்தான், சேணத்தில் அழித்தான், வாசல் கதவில் அழித்தான்.

கேடயத்துக்கு வந்தபோது தியெரி அதை வாங்கி உறைக்குள் போட்டுவிட்டான். அன்றைக்குப் படுக்கையறையில் அவளிடம் மட்டும் சொன்னான்: "இது இருக்கிறவரைக்கும் எனக்கு அப்பா இருக்கார்னு அர்த்தம், எர்சா. அப்பா இல்லாதவனா சண்டைக்குப் போகப் பயமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாத, சிரிப்பானுங்க." ஆறடி ஆள். அவள் அப்போது சிரித்தாள். சிரித்துவிட்டு அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆக, அது அவனுடைய கேடயம்தான். சந்தேகமே இல்லை. அந்த நாட்டிலேயே செத்த அப்பனுக்காகப் பட்டையை வைத்துக்கொண்ட மகன் ஒருவன்தான் உண்டு. அவள் மதில் கல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பிடித்துக்கொண்டு, சிரித்தாள்.

"ஒதோன் பிரபு!" என்று உரக்கக் கூப்பிட்டாள். "இது யார் வீட்டுக் கேடயம்?"

"என்னம்மா கேள்வி இது? காக்கா தெரியலையா?"

"காக்கா தெரியுது. பட்டையும் தெரியுது. என் மாமனார் செத்து எட்டு மாசம் ஆச்சு. அவரைப் புதைச்ச அன்னிக்கு நீங்களே வந்து கறி மூணு தட்டு சாப்பிட்டீங்க. அப்பா இல்லாத மனுசன் கேடயத்துல பட்டை எப்படி இருக்கும்? மேல பாருங்க, எங்க கொடியை!"

நாற்பது பேரும் மேலே பார்த்தார்கள். கோபுரத்துக் கொடியில் மூன்று காகங்கள் மட்டும் வெயிலில் பறந்துகொண்டிருந்தன. மதில்மேல் நின்ற காவல்காரர்களும் கொடியைப் பார்த்தார்கள், கேடயத்தைப் பார்த்தார்கள். சக்கரத்தின் பக்கம் போனவன் கையை எடுத்துக்கொண்டான். பாதிப் பேர் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார்கள்.

ஒதோனோடு வந்தவர்கள் எல்லாரும் அவருடைய வேலைக்காரர்கள் இல்லை. சின்னச் சின்னக் கோட்டைகளுக்குச் சொந்தக்காரர்களும் அதில் இருந்தார்கள். அவர்களுக்கும் வீட்டில் பெண்டாட்டி உண்டு, சாவி உண்டு. உயிரோடு இருப்பவனின் கோட்டையை மேல்பிரபு எடுத்துக்கொண்டால் நாளைக்குத் தங்கள் கதி என்ன என்று அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சண்டையில இந்தக் கேடயத்தோடதான் விழுந்தான்! நானே பார்த்தேன்!" என்று கத்தினான் ரவூல்.

"கேடயம் விழுந்ததைப் பார்த்தீங்க. மூஞ்சியைப் பார்த்தீங்களா?"

"இரும்புத் தொப்பிக்குள்ள மூஞ்சி எங்க தெரியும்?"

"அதைத்தான் நானும் கேக்கிறேன்," என்றாள் எர்சந்தா. "எதிரிங்க நம்ம ஆளுங்க இருபது பேரைப் பிடிச்சிட்டுப் போனதா கேள்விப்பட்டேன். என் வீட்டுக்காரர் அதுல இருப்பார். இந்தக் கேடயத்துல யாரோ பழைய நினைப்புல காக்காவையும் பட்டையையும் எழுதிக் குடுத்திருக்கான். எழுதச் சொன்னது யாருன்னு நான் கேக்கலை."

கூட்டத்தில் யாரோ ஒருவர், வயதானவர், தயங்கித் தயங்கிச் சொன்னார்: "முகாம்ல அவர் கேடயம் உறையிலதான் இருந்துச்சு. கழட்டினது சண்டை அன்னிக்கு ஒரு நாள்தான். அந்தப் புழுதியில பட்டை இருந்துச்சா இல்லையான்னு யார் பார்த்தா?"

ஒதோன் குதிரையிலிருந்து இறங்கினார். பிறகு, அன்பாகவே பேசினார். அந்த அன்புதான் அவளைப் பயமுறுத்தியது.

"சரி தாயி. கேடயம் வேண்டாம். இறங்கி வா. உடம்பைப் பாரு. புருஷன் உடம்பு பெண்டாட்டிக்குத் தெரியாமலா போகும்? பார்த்துட்டு, இந்த எலும்புமேல கை வச்சு இவர் இல்லைன்னு சொல்லு. நான் திரும்பிப் போறேன்." அவர் மடியிலிருந்து ஒரு வெள்ளிப் பெட்டியை எடுத்தார். அதற்குள் ஒரு புனிதரின் விரல் எலும்பு இருந்தது. போருக்குப் போகும்போதெல்லாம் அவர் அதைக் கொண்டு போவார்.

போகாமல் இருக்க முடியாது. பெரிய கதவிலிருந்த திட்டிவாசலை ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தார்கள். எர்சந்தா குனிந்து வெளியே வந்தாள். காவலுக்குக் கோபேர் கூட வந்தான். ஒற்றைப் பலகையில் அகழியைத் தாண்டும்போது அவள் திரும்பிப் பார்த்தாள். மதில்மேல், காவல்காரர்களுக்கு நடுவே, பெத்ரோனியின் தலை தெரிந்தது. யார் அவளை வெளியே விட்டது? ஐயோ, வாயைத் திறந்துவிடாதே என் தங்கமே என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே நடந்தாள்.

வண்டிக்காரன் தோலைத் தலைப்பக்கம் விலக்கினான். முகம் என்று ஒன்று இல்லை. கதாயுதம் பட்ட அடி, அதன் பிறகு ஐந்து நாள் வெயில். உடம்பில் துணி இல்லை, மோதிரம் இல்லை. சண்டை முடிந்ததும் பிணம் கொள்ளையடிக்க வருகிறவர்கள் எல்லாவற்றையும் உருவிக்கொண்டு போயிருந்தார்கள். எர்சந்தா மூக்கைப் பொத்திக்கொண்டாள். தெரியாதவன் பிணத்தைப் பார்க்கிறவள் எப்படி நிற்பாளோ அப்படி நிற்க வேண்டும். எப்படி நிற்பாள்? ஒரு கணம் அது மறந்தே போயிற்று.

"உயரத்தைப் பாரு," என்று ரவூல் எட்டிக் கால்பக்கத்துத் தோலையும் இழுத்தான்.

இரண்டு பாதங்கள் வெளியே வந்தன.

இடது காலில் இரண்டாவது விரல் பெருவிரல்மேல் ஏறிப் படுத்திருந்தது. அவள் பதிமூன்று வருடமாகக் கேலி செய்த விரல். குளிர்காலத்தில் அவள் கெண்டைக்காலில் வந்து ஒட்டிக்கொள்ளும் ஐஸ் மாதிரியான விரல். முகத்தில் எதுவும் காட்டாமல் கண்ணை நகர்த்தினாள். நகர்த்திய கண் கோபேரின் கண்ணில் போய் விழுந்தது.

கோபேர் அந்தப் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தியெரிக்கு ஆறு வயதில் நீச்சல் சொல்லிக் கொடுத்தவன் அவன். குதிரையிலிருந்து விழுந்து அந்தக் கால் பிசகியபோது எண்ணெய் போட்டு நீவியவன் அவன். எல்லாம் முடிந்தது என்று எர்சந்தாவுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பது வருடம் தண்ணீர் குடித்த இந்த வாய் இப்போது உண்மையைச் சொல்லும். பாலம் இறங்கும். பெத்ரோனி ரவூலின் வீட்டு மாடிப்படி ஏறுவாள்.

"என்னம்மா?" என்றார் ஒதோன். பெட்டியைத் திறந்து நீட்டினார்.

பொய்ச் சத்தியம் செய்கிறவர்களுக்கு நரகத்தில் என்ன நடக்கும் என்று கோயில் சுவரிலேயே படமாக எழுதியிருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை நேரத்தில் அவள் அதன் எதிரில்தான் நிற்பாள். நாக்கைப் பிடித்து இழுக்கும் கொறடு வரை அவளுக்கு மனப்பாடம். அதை நம்பாதவள் இல்லை அவள், முழுக்க நம்பினாள். நம்பிக்கொண்டே கையை நீட்டி எலும்பின்மேல் வைத்தாள். எலும்பு சூடாக இருந்தது, வெயிலில் இருந்ததால்.

"இவர் என் புருஷன் இல்லை," என்றாள். "இவரை நான் பார்த்ததே இல்லை."

எங்கிருந்து வந்தது அந்தக் குரல் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒதோன் அவளை விட்டுவிட்டுக் கோபேரின் பக்கம் திரும்பினார். "பொம்பளைச் சத்தியம். இருக்கட்டும். நீ சொல்லு கோபேர். உன் வார்த்தையை நான் நம்புவேன். இங்க இருக்கிற அத்தனை பேரும் நம்புவாங்க. நீ சொன்னா சொன்னதுதான். யார் இது?"

கோபேர் குனிந்தான். பசுத்தோலை இழுத்து இரண்டு பாதங்களையும் மூடினான். குழந்தைக்குப் போர்த்துவதுபோல் ஓரங்களைச் செருகினான்.

"ஈ மொய்க்குது," என்றான்.

பிறகு நிமிர்ந்து, முரட்டுக் கையைப் பெட்டிக்குள் வைத்தான். "இது எங்க பிரபு இல்ல," என்றான்.

அவ்வளவுதான். கூட்டத்தில் இருந்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள். கோபேரே சொல்லிவிட்டான் என்றால் அப்புறம் என்ன? காணாமல் போன பிரபுவுக்கு நாற்பது நாள் தவணை கொடுப்பது வழக்கம். அதுவரை சாவியைக் கேட்கக் கூடாது. ஒதோன் அந்த வழக்கத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"நாற்பது நாள்," என்றார். "சரி, இந்த அநாதைப் பொணத்தை என்ன பண்ணட்டும்? உனக்கு யாரோதானே? இங்கயே மேட்டுல போட்டுட்டுப் போறேன். நிஜமான காக்காவெல்லாம் சாப்பிடட்டும்." அவர் கண் எர்சந்தாவின் முகத்தைவிட்டு நகரவில்லை.

அவள் தோளைக் குலுக்கினாள். அந்த ஒரு குலுக்கலுக்காக அவள் சாகும்வரை தன்னை மன்னிக்கவில்லை.

ஒதோனோடு வந்த சாமியார்தான் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தார். "கிறிஸ்தவன்தானே பிரபு. கழுத்துல சிலுவைக் கயிறு போட்ட தழும்பு இருக்கு. மதிலுக்கு வெளிய, கோயில் ஓரமா நான் புதைச்சிடறேன். எந்தப் பேரைச் சொல்லி மந்திரிக்கட்டும்?"

எல்லாரும் எர்சந்தாவைப் பார்த்தார்கள்.

"பேர் தெரியாதவர்னு சொல்லுங்க சாமி," என்றாள் எர்சந்தா.

மாலைக்குள் புதைத்தார்கள். நாற்பது குதிரைகளும் போயின. ஒதோன் இரண்டு ஆட்களை மட்டும் அந்தக் குழிமேட்டின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுப் போனார். காவலுக்கு என்றார். யார் வந்து அழுகிறார்கள் என்று பார்க்கத்தான் என்பது எல்லாருக்கும் புரிந்தது.

திட்டிவாசலைச் சாத்தியதும் கோபேர் அங்கேயே கல்லில் உட்கார்ந்தான். அவள் பக்கத்தில் நின்றாள். நன்றி என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் உண்மையை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும், சுற்றிலும் காதுகள்.

"அம்மா," என்றான் கோபேர். "ஒயின் இருந்தா ஒரு கோப்பை குடுங்க."

"கூரை இன்னும் முடியலையே, கோபேர்."

"முடியலை," என்றான். "இனிமே தண்ணி குடிச்சு என்ன ஆகப் போகுது?"

அவளே போய்ப் பீப்பாயிலிருந்து எடுத்து வந்து கொடுத்தாள். ஒரே மடக்கில் குடித்தான். கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டான். ஒயின் அவ்வளவு மேலே வழிய வாய்ப்பில்லை. "விடிஞ்சதும் பாப்பாவைக் கிளப்புங்க," என்றான். "ஆறு தாண்டி மடத்துல விட்டுட்டு வந்துடறேன். உங்க அக்கா அங்க தலைவி. மேற்றிராணியார் நிலத்துல, கோயில் சொத்துல, ஒதோன் கால் வைக்க முடியாது."

காலையில் கோவேறு கழுதையில் சேணம் போட்டார்கள். பெத்ரோனிக்கு எர்சந்தா எதையும் சொல்லவில்லை. பத்து வயதுப் பிள்ளை. குழிமேட்டைத் தாண்டித்தான் பாதை போகிறது, அங்கே அந்த இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். தெரியாமல் இருப்பதுதான் அவளுக்குப் பத்திரம். பெரியம்மா கூப்பிடுகிறாள், படிக்கப் போகிறாய் என்று சொல்லித் தலை பின்னிவிட்டாள். பின்னல் கோணலாக வந்தது.

"அப்பா வந்தா என்னை எங்கேன்னு தேடுவாரே?" என்று பெத்ரோனி உரக்கக் கேட்டாள். முற்றத்தில் நின்ற எல்லாருக்கும் கேட்டது.

"சொல்லி அனுப்பறேன்," என்றாள் எர்சந்தா.

கழுதைமேல் ஏற்றிவிடத் தூக்கியபோது, சிறுமி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். காதுக்குள் பேசினாள், மிகச் சின்னக் குரலில்.

"அன்னிக்கு ரூம்ல நான் தூங்கலைம்மா. அப்பா பட்டையைப் பத்திச் சொன்னப்ப."

எர்சந்தாவின் கை அப்படியே நின்றது.

"நேத்து மதில்மேல வாயைத் திறக்கலை பாத்தியா," என்றாள் பெத்ரோனி. பிறகு சேணத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

எர்சந்தா மதிலுக்கு ஓடினாள். பாலம் இறங்கியது. கோபேரும் நான்கு ஆட்களும் முன்னே போக, கழுதை மேட்டுப் பாதையில் இறங்கியது. குழிமேட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று குழந்தையின் முகத்தைப் பார்த்தார்கள். அப்பன் உயிரோடு இருக்கும் பெண்ணைத் தடுக்க அவர்களுக்கு உரிமை இல்லை. பார்க்க உரிமை உண்டு.

புதுமண்ணுக்கு நேராக வந்ததும் பெத்ரோனி கோபேரிடம் என்னவோ கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். வெள்ளிக் காசு கொட்டியதுபோல் அந்தச் சிரிப்பு மதில்வரை கேட்டது. குழிமேட்டின் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. கழுதை வளைவில் திரும்பி, மர நிழலுக்குள் போய், ஆற்றை நோக்கி மறைந்தது.

காவலுக்கு நின்ற இருவரும் இப்போது தலையைத் தூக்கி மதிலைப் பார்த்தார்கள்.

எர்சந்தா அவர்களைப் பார்த்துக் கையசைத்தாள். சிரிக்கவும் செய்தாள். அழுவதற்கு இன்னும் முப்பத்தொன்பது நாள் இருந்தது.